கெய்ரோ ஆலைக்காரி பேசிய தமிழ்

எகிப்திய யதார்த்தப் படங்களாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். ஒன்றில், கெய்ரோவின் துணி ஆலை ஒன்றில் வேலை முடிந்து வெளியே வரும் பெண்கள் கேட்டருகே வரிசையில் நின்று கைப்பையைத் திறந்து காட்டினார்கள். கேட்பதற்கு முன்பே திறந்தார்கள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிண்டியில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தையல் மெஷின் ஓட்டுகிற என் அம்மாவும் கேட்டில் அப்படித்தான் நிற்பாள். அவள் கழுத்தைத் திருப்புகிற அதே திருப்பு! இந்தப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் போட்டே ஆக வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

எனக்கு அரபியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆங்கில சப்டைட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் முதலாளியும் சூப்பர்வைசரும் ஆலைப் பெண்களும் ஒரே மாதிரி, பாடப்புத்தகம் போலப் பேசினார்கள். ஆலைப் பெண்களாவது எங்கள் சைதாப்பேட்டைத் தெருப் பெண்களைப் போலப் பேசட்டும் என்று மாற்றி எழுதினேன். எழுத எழுத அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் திரைப்படக் குழு அடையாறில் ஒரு மொட்டைமாடி அறையில் ஞாயிறு மாலைகளில் படம் போடும். அன்று அம்மாவையும் கூட்டிப் போனேன். திருட்டுப் பழி விழுகிற காட்சி வந்தது. சூப்பர்வைசர் ஒரு பெண்ணின் பையைப் பிடுங்கி எல்லார் முன்னாலும் கொட்டுகிறான். பாதி ரொட்டி, சீப்பு, குழந்தையின் ஒற்றைக் காலுறை. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். திரையின் அடியில் என் வரி: “நா இன்னாத்த எட்த்தேன்? பைய கீய வை நைனா.”

அறை முழுக்கச் சிரிப்பு. யாரோ கைதட்டினார்கள். திரும்பினால் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

புரொஜெக்டர் பார்த்துக்கொள்கிற மயிலாப்பூர்த் தோழி படம் முடிந்ததும் ஓடி வந்தாள். “மச்சி, செம ரெஸ்பான்ஸ்! அடுத்த ஞாயிறும் இதையே போடலாமா?”

“அந்த இடத்துல யாரும் சிரிக்கக் கூடாதுடி.”

“அப்புறம் ஏன் காமெடியா எழுதின?”

காமெடியாகவா எழுதினேன்? எங்கள் தெருவில் பேசுவதைத்தானே எழுதினேன். ஆனால் தமிழ்ப் படங்களில் அந்தப் பேச்சு யார் வாயில் வருகிறது? ரவுடி, ரவுடிக்குப் பின்னால் ஓடும் காமெடியன். நானே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன். “நீ ஏம்மா சிரிச்ச?”

“சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். இன்னா இப்போ?”

“அந்தப் பொண்ணு பாவம் இல்லியா?”

“பாவந்தான். அதுக்குன்னு சூப்பர்வைசர போயி நைனாவாம்!” மறுபடி சிரித்தாள். “சீரியல்ல வர்ற மாதிரி அழகா பேச வுட்டிருக்கலாம் அவள.” இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவளே, “வோணாம். அதுவும் நல்லா இருக்காது” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ‘நைனா’வை எடுத்தேன். அப்போதும் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. “நான் எதையும் எடுக்கவில்லை, பையைக் கீழே வையுங்கள்” என்று மாற்றினால் வங்கி மேலாளர் ஆகிவிட்டாள். அழித்துவிட்டுக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அவள் குரலில் இருப்பது கோபமா கெஞ்சலா, அதுவே பிடிபடாமல் போயிற்று. கெய்ரோ ஆலைப் பெண்கள் இப்படித்தான் பேசுவார்களா? இல்லை, அந்த நடிகையும் யாரோ எழுதிக் கொடுத்த ஏழைப் பேச்சைப் பேசுகிறாளா? அங்கே தியேட்டரிலும் யாராவது சிரித்தார்களோ என்னவோ. ஞாயிற்றுக்குள் எனக்கு ஒரு வரி வேண்டும்.

நாளை அம்மா வேலைவிட்டு வந்ததும் அந்தக் காட்சியை மட்டும் சப்டைட்டில் இல்லாமல் போட்டுக் காட்டப் போகிறேன். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று அம்மாவே சொல்லட்டும். என் வரி ஞாபகம் வந்து சிரித்துத் தொலைப்பாளோ, தெரியவில்லை. பார்க்கிறாயா என்று இப்போதே கேட்டு வைத்தேன்.

“பஜ்ஜி வாங்கினு வா, பாக்கறேன்” என்றாள்.