நாற்பத்தொரு சிரிப்பு

2004 ஜூன் 9, பிற்பகல் மூன்றேகால், விடாத மழை. எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை மூடியிருந்த பழைய தார்ப்பாயிலிருந்து நனைந்த கித்தான் வாசனை. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். இந்த வயதில் அதுவே ஒரு வேலை. வாசனை போகவில்லை. ஐம்பத்திரண்டு வருடமாகப் போகாதது, தாழ்ப்பாளுக்கா அடங்கும்?

அப்போது நான் வரி ஆபீஸில் குமாஸ்தா. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் ஆவுடையப்பன் கம்பெனி கித்தான் கொட்டகை போட்டிருந்தது. மொத்தம் ஒன்பது பேர். காலரா ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிகிறவனைப் பற்றிய நாடகம். டிக்கெட் நான்கணா, அதில் ஓரணா கேளிக்கை வரி. ஜனங்களுக்கு அறிவு புகட்டும் நாடகம் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டால் அந்த ஓரணா கட்ட வேண்டாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் கம்பெனி அந்த மழைக்காலத்தைத் தாண்டாது. அந்த மலையாள ஆபீஸில் தமிழ் தெரிந்தவன் என்று, பார்த்து அறிக்கை எழுத என்னை அனுப்பினார்கள்.

நான் எதையும் எண்ணுகிறவன். எங்கள் வீட்டுப் படி பதினேழு. இன்றும் எண்ணித்தான் ஏறுகிறேன். அன்று ஆட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒழுகல் ஆறு இடம், ஒன்று என் தலைக்கு நேரே. சிரிப்பையும் எண்ணினேன். கட்டிலுக்கடியில் கிடந்தவர் ஆவுடையப்பனேதான். நாடகம் முடிந்ததும் வேர்த்த முகத்தோடு வந்தார்.

"என்ன சார், விரல மடக்கிக்கிட்டே இருந்தீகளே, ஒரு தடவையாச்சும் சிரிச்சீகளா?"

"டியூட்டி" என்றேன்.

"சிரிச்சா சம்பளத்துல பிடிச்சிருவாகளோ!"

கம்பெனிக்கு நல்லது செய்வதாக நினைத்து, 'சபையோர் நாற்பத்தொரு முறை வாய்விட்டுச் சிரித்தனர்' என்று எழுதினேன். ஊசி எங்கே போடுகிறார்கள் என்று வாசலில் சிலர் விசாரித்தார்கள். அவர்களை எண்ணத் தோன்றவில்லை.

மேலதிகாரி மலையாளி. என்னோடு தமிழில் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

"எடோ, நாப்பத்தொண்ணு சிரி! பின்னே இது பாடமோ, தமாசோ?"

"ரெண்டும்தான் சார்..."

"ரெண்டும் எழுதான் ஃபைல்ல எடமில்ல."

ஒரே கையெழுத்து. வரிவிலக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

பத்தாம் நாள் கொட்டகையைப் பிரித்தார்கள். பஸ் நிற்கும் இடத்தில் ஆவுடையப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லாத்தான் எழுதியிருப்பீக சார். மேல இருக்கவன் வெட்டிப்புட்டான்."

கண்டக்டரைத் தேடிப் போய்விட்டேன்.

இப்போது அந்த மைதானத்தில் கொட்டகை கிடையாது. அணா போயிற்று, எங்கள் ஆபீஸ் கட்டடத்தையும் இடித்தாயிற்று. அந்தக் கம்பெனி பிறகு எந்த ஊரிலும் நாடகம் போட்டதாகக் கேள்விப்படவில்லை. நாகர்கோவிலுக்கு ஆளுக்கு ஒன்றேகால் ரூபாய், ஒன்பது பேர். திரைச்சீலைப் பெட்டிக்கு முக்கால். மொத்தம் பன்னிரண்டு ரூபாய், அன்று கண்டக்டர் கையில் நான் எண்ணி வைத்தது.