நூற்றைம்பதாவது ஆட்டம்

கோல் அடிப்பவன் பெயர்தான் பத்திரிகையில் வரும். தடுத்தவன் பெயர் யாருக்கு வேண்டும்? அந்தோணிக்கு அந்தத் தடுப்பு வேலைதான். ஈப்போவிலிருந்து மெல்பர்னுக்குப் படிக்க வந்தவர், படிப்பைப் பாதியில் விட்டு, டாண்டனாங்கில் ஒரு கார்த் தொழிற்சாலைக்குள் நுழைந்தார். வாரமெல்லாம் காருக்குக் கதவு மாட்டுவது. சனிக்கிழமையானால் உள்ளூர் ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்புக்காகக் கோல் கம்பத்துக்கு முன்னால் எவனாவது ஒரு முரடனை ஒட்டிக்கொண்டு ஓடுவது. பதினாலு வருஷம் இப்படியே போயிற்று. இரண்டு விலா எலும்பு, மூன்று விரல், ஒரு முழங்கால், எல்லாம் அதற்கே போயின.

1976இல், முப்பத்தேழு வயதில், நூற்று நாற்பத்தொன்பது ஆட்டத்தில் வந்து நின்றார். நூற்றைம்பது ஆடியவன் பெயரைக் கிளப் சுவர்ப் பலகையில் எழுதுவார்கள். சீசனின் கடைசி ஆட்டத்துக்கு அவரை மாற்றாளாக உட்காரச் சொன்னார்கள். மைதானத்தில் கால் வைத்தால்தான் கணக்கு.

"பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு," என்று முழங்காலில் துணி சுற்றினாள் மனைவி மார்கரெட். "இத வச்சுக்கிட்டு என்னத்தக் கிழிக்கப் போறீங்க?"

"சும்மா உக்காரத்தான போறேன்."

"அப்ப பேரு வரலன்னு மூஞ்சியத் தூக்கிட்டு வராதீங்க."

தோற்றால் இறுதிச் சுற்று கிடையாது. முடிய மூன்று நிமிடம் இருக்கையில் நாலு புள்ளி முன்னால் இருந்தார்கள். தடுப்பில் நின்ற கெவின் இடிபட்டு, மூச்சு முட்டிக் குனிந்தான். அந்தக் காலத்து விதிப்படி, வெளியே வந்தவன் திரும்ப இறங்க முடியாது.

"ஒரு நிமிஷம் குடுங்க, சரியாயிடும்!" என்று கத்தினான்.

பயிற்சியாளர் ரெக் அந்தோணி பக்கம் திரும்பினார். "முழங்கால் எப்படி இருக்கு, டோனி?"

பதினாலு வருஷத்தில் தன் உடம்பைப் பற்றி அந்த மனிதரிடம் அந்தோணி பொய் சொன்னதே இல்லை.

"நல்லா இருக்கு."

உள்ளே போனார். பந்து உயரத்தில் வந்தது. எதிராளி எம்பினான். அந்தோணியும் எம்பத்தான் பார்த்தார். கால் தரையை விடவில்லை. அந்த ஆட்டத்தில் பந்தை அந்தரத்தில் பிடித்தவனை உதைக்கும்வரை யாரும் மறிக்கக் கூடாது; அவன் நிதானமாக உதைத்தான். கோல், ஆறு புள்ளி. இரண்டு புள்ளியில் தோற்றார்கள்.

யாரும் திட்டவில்லை. ரெக் கைகூடக் குலுக்கினார். கெவின் மட்டும் சட்டையைச் சுருட்டி எறிந்துவிட்டுப் போய்விட்டான்.

கிளப்பின் அக்டோபர் விருந்தில் அவர் பெயர் ஏறிய பலகையின் திரையை விலக்கிக் கைதட்டினார்கள். அந்தோணி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆறிப்போன ஆட்டிறைச்சியை அறுத்துக்கொண்டிருந்தார்.

"எழுத்தெல்லாம் சரியாப் போட்டிருக்கானுங்களான்னு பாருங்க," என்றாள் மார்கரெட்.

"நீயே பாரு."