ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்றவன்

ஒரு கடற்கரை ஊர் தனி ஊராட்சியாகப் பிரியலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. அந்த ஊர் ஆண்கள் எல்லோரும் கடலில் இருக்கிற நாளாகப் பார்த்து அதை வைக்கச் செய்தவன் நான். பிரிய வேண்டும் என்று அந்த ஊருக்காக மனு எழுதிக் கொடுத்த வக்கீலும் நான்தான். இரண்டையும் செய்தது ஒரே கை.

தொழிலை விட்டுவிட்டு இப்போது தூத்துக்குடி மில்லர்புரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். என் தகப்பனார் நாசரேத் பக்கத்தில் மிஷன் பள்ளி ஆசிரியர். எங்கள் வீட்டில் சபையும் கட்சியும் இரண்டு கண்கள். ஞாயிறு காலை ஆராதனை, மாலை கட்சிக் கூட்டம். அவருக்குப் பிறகு நானும் அப்படியே இருந்தேன். கட்சி வக்கீல் என்று சொன்னால் நீதிமன்ற வாசலில் ஆட்டோக்காரர்களுக்குக்கூட என்னைத் தெரியும்.

பெரியதாழைக்குப் போகிற கடற்கரைச் சாலையில் இருக்கிறது அந்த ஊர். பெயர் வேண்டாம். மீன்பிடிக்கும் கத்தோலிக்கர்கள். அவர்களையும், உள்ளே தேரி என்கிற செம்மணல் மேட்டில் பனைகளுக்கு நடுவே இருக்கிற இன்னொரு ஊரையும் சேர்த்து ஒரே ஊராட்சி. கரையில்தான் ஓட்டு அதிகம். ஆனால் தலைவர் பதவிக்குக் கரையில் மூன்று பேர் நிற்பார்கள், தேரியில் ஒருவர் நிற்பார். அவர் ஜெயிப்பார். கரையிலிருக்கும் ஐஸ் பேக்டரியும் இறால் கம்பெனியும் கட்டுகிற வரியில் தேரியில் சிமெண்ட் சாலை விழும். கடல் அரிக்கிறது, தூண்டில் வளைவு கட்டித் தாருங்கள் என்று அரசைக் கேட்பதற்கு ஒரு தீர்மானம்கூட ஊராட்சியில் நிறைவேறாது. கடலுக்குள் வளைந்து போகிற அந்தக் கல்சுவர் இல்லாத கரையில், ஆனி, ஆடியில் வீசும் ஒவ்வொரு கச்சான் காற்றுக்கும் ஒரு வரிசை வீடு போகும்.

தனி ஊராட்சி கேட்கலாம் என்று முதலில் சொன்னவர் அங்கே மகளிர் குழுத் தலைவியாக இருந்த ஒரு அம்மா. கணவர் கடலில் போய்விட்டார். மீன் கூடையோடு உள்ளூர்களுக்குப் போய் விற்று, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். அவர் வீடு அப்போது கடலுக்கு முதல் வரிசையாகிவிட்டிருந்தது. முன்னால் இருந்த வரிசைகள் போய்விட்டன.

“வக்கீலய்யா, எங்க ஊரு முழுக்க ஒங்க கட்சிக்குத்தான குத்துது? எங்கப்பன் காலத்துல இருந்து அந்தச் சின்னந்தான். எங்களுக்கு நீங்க எழுதித் தராம வேற யாரு எழுதித் தருவாவ?” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மனு நல்ல மனு. அதிகாரிகள் மறுக்க முடியாமல், சிறப்பு கிராம சபை கூட்டி இரு ஊர் வாக்காளர்களும் கை தூக்கி முடிவு செய்யட்டும் என்றார்கள். அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசைக்குப் போய்விட்டு வலை பின்னுவார்கள், தூங்குவார்கள். ஊர் முழுசாக ஊரில் இருக்கிற ஒரே நாள் அது. எனவே ஞாயிறு மதியம் கேட்டார்கள். ஒன்றிய அலுவலகமும் சரி என்றிருந்தது.

அந்த வாரம் கட்சியின் ஒன்றியச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். தேரி ஊர்க்காரர். பலசரக்கு மொத்தக் கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அண்ணாச்சி.

“வக்கீல் சார், ஊராட்சியப் பிரிச்சா நம்ம ஒன்றிய வார்டும் பிரியும். பொழப்புக் கெட்டுரும். ஞாயித்துக்கிழமை வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்கூர்லயும் சர்ச்சுக்குப் போறவுக இருக்காவல்லா?”

“மத்த நாள்ல அவுங்க ஆம்பளைங்க எல்லாம் கடல்ல இருப்பாங்களே.”

“அதுக்கென்ன? அவுகளுக்கு என்ன வேணும், கல்லுதானே? தனி ஊராட்சின்னு அலைஞ்சா பத்து வருசம் ஆவும். நான் மந்திரிட்டச் சொல்லி வாங்கித் தாரேன். கச்சானுக்கு முன்ன கல்லு எறங்கும். என் பிள்ளைங்க மேல சத்தியம்.”

நான் அவரை நம்பினேன். நம்பினேன் என்று எழுதும்போது கொஞ்சம் கை தயங்குகிறது. நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் சரி. அடுத்த நாள் எங்கள் சபையின் சேகரக் கமிட்டி உறுப்பினர் என்ற முறையில், ஞாயிறு ஓய்வுநாள், அன்று இப்படிப்பட்ட கூட்டம் வைப்பது விசுவாசிகளின் மனதைப் புண்படுத்தும் என்று அதிகாரிக்கு எழுதினேன். கமிட்டியைக் கேட்கவில்லை. என் வாழ்நாளில் கட்சிக் கூட்டம் இல்லாத ஞாயிறுகள் எத்தனை என்று யாராவது கேட்டிருந்தால் திணறியிருப்பேன். கூட்டத்தைப் புதன்கிழமை காலைக்கு மாற்றினார்கள். கரைக்காரர்களிடம், அலுவலகத்தில் மாற்றிவிட்டார்கள், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்று சொன்னேன்.

புதன்கிழமை தேரி ஊர் ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். தேரி ஊரே வந்திருந்தது. கரையிலிருந்து ஒரு குட்டியானை வண்டியில் கிழவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் வந்து இறங்கினார்கள். பைபர் படகுகள் விடியும் முன்பே போயிருந்தன. பெண்கள் பலர் கூடையோடு பஸ் ஏறியிருந்தார்கள். ஒரு நாள் போகாவிட்டால் வாடிக்கை வேறு ஆளிடம் போய்விடும். அந்த அம்மா மட்டும் அன்று கூடை எடுக்காமல் வந்திருந்தார்.

“சார், எங்க ஆளுவ கடல்ல நிக்காவ. மத்தியானம் கரை சேர்ந்துருவாவ. அதுவரைக்கும் பொறுங்க” என்று அதிகாரியிடம் கேட்டார்.

பந்தலில் ஒருவன் கத்தினான்: “ஏன், மீனு வந்து கை தூக்குமாக்கும்?” தேரிப் பக்கம் சிரித்தது.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. என்னைக் காட்டினார். “எங்க வக்கீலய்யா இங்கனதான் இருக்காவ. அவியகிட்டக் கேளுங்க, நிறுத்தி வைக்கச் சட்டத்துல எடமிருக்கா இல்லியான்னு.”

இடமிருந்தது. அதிகாரி இளைஞர், நியாயமானவர். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் மூன்று மணிக்குத் தள்ளிவைத்திருப்பார். செயலாளர் முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அறிவித்த நேரத்தில் நடத்துவதுதான் முறை” என்றேன். அந்த அம்மா என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, சட்டம் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார். கைகளை எண்ணினார்கள். கோரிக்கை தோற்றது.

அன்று மாலையே தேரி ஊரில் வெடி போட்டார்கள். ஊராட்சித் தலைவர் எதிர்க்கட்சிக்காரர். எங்கள் செயலாளருக்குச் சம்பந்தி. இரண்டு பேரும் ஒரே மேடையில் ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்ட படம் கடலிலிருந்து திரும்பியவர்களின் போனுக்கு வந்தது. இரண்டு தலைமுறையாக அந்தக் கட்சியைத் தோற்கடிப்பதற்காகவே எங்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள்.

கச்சான் வந்தது. கல் வரவில்லை. ஆனி மாதத்தில் அந்த அம்மாவின் குசினி விழுந்தது. நான் போய்ப் பார்த்தேன். அடுப்பை முன்னறைக்குக் கொண்டுவந்து சமைத்துக்கொண்டிருந்தார். “ஒங்களயும் ஏமாத்திட்டானுவ, என்ன செய்வீய” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

உள்ளாட்சித் தேர்தலில் செயலாளரே ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்கு நின்றார். கரைப் பள்ளிக்கூடத்துச் சாவடியில் கட்சிக்கு ஏஜெண்டாக உட்கார ஆள் கிடைக்கவில்லை. வக்கீலை அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று என்னை அனுப்பினார்கள். முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க் கமிட்டி சொல்லியிருந்தது: தேர்தல் அன்று ஒரு படகும் கடலில் இறங்கக் கூடாது, ஒரு கூடையும் பஸ் ஏறக் கூடாது. அன்று வேலைநாள்தான். ஆனால் பூசைக்கு வருவதுபோல் குடும்பம் குடும்பமாக, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

ஒரு பெரியவர் என்னிடம் குனிந்து சொன்னார்: “பழக்கத்துல கை நம்ம சின்னத்துக்கே போயிருமோன்னு பயமா இருக்கு வக்கீலய்யா. புடிச்சி இழுத்துக் குத்தப் போறேன். கோவிச்சுக்கிடாதீய.”

பின்னால் நின்றவர் கிண்டலாகச் சொன்னார்: “ஓய், இழுக்குற வேகத்துல மேசையில குத்திராதேயும்.”

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

வாக்கு எண்ணும் இடத்தில் கவுன்சிலருக்கான பச்சைச் சீட்டுகளைப் பிரித்தார்கள். கரையில் சுயேச்சையாக நின்ற ஓர் ஆட்டோ டிரைவருக்குக் கட்டுக்கட்டாக ஏறியது. எங்கள் சின்னத்துக்கு வந்ததைக் கட்ட அலுவலர் ரப்பர் பேண்டே எடுக்கவில்லை; பறக்காமல் இருக்க மேலே பேனாவை வைத்தார். அந்த ஊர் மட்டுமல்ல. சால்வைப் படம் கரை முழுக்கப் போயிருந்தது. கடலோர வார்டு ஒன்றுகூட எங்களுக்கு மிஞ்சவில்லை. என் தகப்பனார் சைக்கிளில் போய் வளர்த்த கட்சி அந்தக் கரையில் ஒரே நாளில் இல்லாமல் போனது.

நான் செயலாளரின் கடைக்குப் போனேன். பருப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

“நன்றி கெட்ட பயலுவ” என்றார்.

“கல் என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“ஓட்டுப் போடாதவனுக்குக் கல்லா?”

“ஓட்டுக்கு முன்னால ஒரு கச்சான் போச்சே. அதுக்கு முன்ன எறங்கும்னுதானே சத்தியம் பண்ணீங்க?”

தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஞாயித்துக்கிழமை வேண்டாம்னு எழுதுனது யாரு? நானா? அதுல என் கையெழுத்து எங்கயாவது இருக்கா? நீங்க படிச்சவுக. பேசாம வீட்டுக்குப் போங்க சார்.”

என்னைப் பயன்படுத்திவிட்டார் என்ற கோபம் பஸ்ஸில் வரும்போது கொதித்தது. ஆத்தூர்ப் பாலம் தாண்டும்போதுதான், இதே கோபத்தைப் பட வேண்டிய ஓர் ஊர் இன்னும் என்மீது இரக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பது உறைத்தது.

அடுத்த ஞாயிறு, பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்டு, பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் எழுதியதையும், பந்தலில் தள்ளிவைக்கச் சட்டத்தில் இடம் இருந்ததையும் சொன்னேன். பிறகு தேர்தலன்று குனிந்து பேசிய அதே பெரியவர் கேட்டார்: “இன்னைக்கு ஞாயித்துக்கிழமையில்லா வக்கீலய்யா? ஓய்வுநாள்ல எப்படி வந்தீரு?”

அதுவரை என்னை மரியாதையாக ‘வந்தீய’ என்றுதான் சொல்வார்.

அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

“இத கோர்ட்டுல சொல்லுவீயளா?”

“சொல்றேன். வழக்கையும் நானே சும்மா நடத்தித் தாரேன்.”

“சொன்னாப் போதும். வக்கீலு வேற ஆளப் பாத்துக்கிடுதோம்.”

மதுரையில் ஒரு வக்கீலை வைத்து வழக்குப் போட்டார்கள். நான் பிரமாண வாக்குமூலம் கொடுத்தேன். கட்சி என்னை நீக்கியதாக நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தி வந்தது. சபையின் பெயரைக் கேட்காமல் பயன்படுத்தியதற்காகச் சேகரக் கமிட்டி ராஜினாமா கேட்டது, கொடுத்தேன். மகன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, பிறகு பேசினான். முந்தின முடிவு செல்லாது, ஊரார் எல்லோரும் வரக்கூடிய நாளில் மறுபடி கூட்டுங்கள் என்று தீர்ப்பு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் இரண்டாவது கச்சானும் வந்து போய்விட்டது.

மறு வாக்கெடுப்பு ஒரு ஞாயிறு மதியம். எனக்கு அங்கே ஓட்டு இல்லை. பந்தலைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றேன். கரையிலிருந்து ஊரே வந்திருந்தது. அந்த அம்மாவை உள்ளே தேடினேன், காணவில்லை. திரும்பினால் கயிற்றுக்கு வெளியே, எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். வீட்டில் மிஞ்சியிருந்த முன்னறையும் அந்த இரண்டாவது கச்சானில் போய்விட்டது. தூத்துக்குடியில் திரேஸ்புரத்தில் மகளோடு இருக்கிறார். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு வந்தவர்கள், வீடு இருந்த இடத்தில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, இடம் மாறியவர் என்று பெயரை நீக்கியிருந்தார்கள்.

பிரிய வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் அதிகாரி. பந்தல் முழுக்கக் கைகள் எழுந்தன. அந்த அம்மாவின் கையும் எழுந்தது. கயிற்றோரம் நின்ற ஊராட்சி எழுத்தர் மெதுவாக, “அக்கா, ஒங்க பேரு இதுல இல்லக்கா” என்றார். அவர் கையை இறக்கி முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

கோரிக்கை நிறைவேறியது. கரைப் பெண்கள் கயிற்றைத் தாண்டி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை; நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் எதிர்பார்த்தேன்.

தூத்துக்குடி பஸ்ஸில் இருவரும்தான் அங்கே ஏறினோம். டிக்கெட் எடுக்கும்போது அவருக்குப் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. என்னைப் பார்த்தார். கூடை இல்லாததால் மடியில் வைத்திருந்த துணிப்பையை எடுத்து அந்தச் சீட்டில் வைத்தார். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன்.