குளிர் அறையில் வைத்த பஞ்சு

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் எலியண்ணன். இருபத்தாறு வருடம் வளை எலிகளுக்குத் தீனி போட்ட மனிதருக்கு வேறு என்ன பெயர் நிலைக்கும்? வீட்டில் ஓர் எலி ஓடினால் மட்டும் மனைவிக்கு முன்னால் கட்டிலில் ஏறிவிடுவார். "அதுக்குக் கூண்டு இல்லையே" என்பார்.

அங்கே ஆய்வு செய்ய ஒரு பெண் வந்து சேர்ந்தாள். குளிரும் வெக்கையும் வளை எலியின் பசியை எப்படி மாற்றுகின்றன, தின்றதில் எவ்வளவு செரிக்கிறது என்பது அவள் கேள்வி. ஓர் அறையில் எட்டு டிகிரி, ஒன்றில் இருபத்தைந்து, ஒன்றில் முப்பத்துமூன்று. வைத்த தீனியை எடை போட்டு, மிச்சத்தை எடை போட்டு, புழுக்கையைக்கூடப் பொறுக்கி உலர்த்தி எடை போட்டு எழுத வேண்டும். எதற்கும் அவள் முகம் சுளிக்கவில்லை.

"குளிர்ல உடம்பைச் சூடா வச்சுக்க நிறையத் தின்னும்ணே. ஆனா சீக்கிரமே வெளிய போயிடும், சரியாச் செரிக்காது. வெக்கையில கொஞ்சமாத் தின்னாலும் நின்னு நிதானமாச் செரிக்கும். பாருங்க, இப்படித்தான் வரும்" என்றாள்.

வரவில்லை. குளிர் அறை எலிகளும் நடு அறை எலிகளும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தின்றன. அவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். மறுபடி செய்து பார்த்தும் அதே விடை. இந்த எலிக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை என்று கடைசியில் எழுதினாள். பெரிய கண்டுபிடிப்பு என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

காரணம் எலியண்ணனுக்குத் தெரியும். மண்ணைக் குடைந்து சுருண்டு கிடக்க வேண்டிய பிராணிகள் வெறும் கம்பித் தரையில் நடுங்குவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. மாலையில் அவள் கிளம்பியதும் குளிர் அறையில் கூண்டுக்கு ஒரு பிடி பஞ்சு வைப்பார். காலையில் அவள் வருவதற்குள் எடுத்துவிடுவார். மெத்தை கிடைத்த எலிக்கு அதிகம் தின்ன என்ன அவசியம்? அவள் தலையைப் பிய்த்துக்கொண்ட அன்றே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த வருடம் வேறு ஓர் ஊரில் அதே ஆய்வைச் செய்தார்கள். குளிரில் எலிகள் ஒன்றரை மடங்கு தின்றன. இவள் எண்களை இட்டுக்கட்டிவிட்டாள் என்று விசாரணை வைத்தார்கள். "பராமரிப்புல ஏதாவது தப்பு நடந்திருக்குமா?" என்று தலைவர் எலியண்ணனைக் கேட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அண்ணனை இதுல இழுக்காதீங்க சார். அவர் மேல எனக்குத் துளி சந்தேகம் கிடையாது."

"நீங்க சொல்லுங்க" என்றார் தலைவர்.

"ஒண்ணும் நடக்கல சார். அந்தப் பொண்ணு பொய் எழுதாது சார்" என்றார் எலியண்ணன். பாதி உண்மை யாருக்கு உதவும்? அவளை ஆய்வுக்கூடத்தை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

ஓய்வு பெற்ற மறுநாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். "எலிக்குப் பாவம் பார்த்தீங்க, சரி. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? இப்பவாவது போய்ச் சொல்லுங்க" என்றாள் அவள்.

விலாசம் தேடிப் போனார். பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தவள் ஓடி வந்து கதவைத் திறந்தாள். உட்கார வைத்து டீ கொடுத்தாள். மகளைக் கூப்பிட்டு, "அத்தனை பேர்ல அம்மாவுக்காகப் பேசின ஒரே ஆளு இவர்தான்டி" என்று காட்டினாள்.

எலியண்ணன் டீயைக் குடித்துவிட்டு வீடு திரும்பினார்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"நல்லா இருக்கா" என்றார்.