தனேஸ்வரி கழித்துப் போட்ட மங்கல்கள்

மலேசியாவில் கெர்லிங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் குலைகளைத் தரம் பிரிக்கும் தனேஸ்வரிக்குப் பெருமை தலைக்கு மேல். லோரி கொட்டியதுமே எது பழுத்தது, எது காய் என்று சொல்லிவிடுவாளாம். சந்தேகமா, கழி. பதினோரு வருடமாக அதுதான் சட்டம். லோரி ஓட்டும் சொந்தத் தம்பி லோகேஸ்வரனின் குலைகூடத் தப்பியதில்லை.

இந்த மகராசிதான் வானத்தையும் தரம் பிரிக்கக் கிளம்பினாள். விண்வெளியில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கி எடுத்த படங்களை இணையத்தில் போட்டு, விண்மீன் மண்டலங்கள் கூட்டமாய் இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள் என்கிறது ஓர் ஆய்வுக் குழு. 'ஆம்', 'இல்லை' என்று அமுக்கினால் போதும்.

முதல் சோதனையின் நூறு படங்களில் அவள் சரியாகச் சொன்னது பதினெட்டு. ஓர் எருமையை உட்கார வைத்திருந்தால் ஐம்பது வாங்கியிருக்கும். இன்னொரு சோதனை உண்டு, எழுபதுக்குக் கீழே போனால் பெயரை நீக்கிவிடுவோம் என்று கடிதம் வந்தது. அதைத் தம்பியிடம் காட்டினாள்.

"பதினெட்டா அக்கா? நான் கண்ண மூடிக்கிட்டு லோரி ஓட்டுனாலே அதவிட நல்லா வரும் லா."

"நீ கண்ண மூடிக்கிட்டுத்தான்டா ஓட்டுற. போன வாரம் வாய்க்கால்ல எறங்குனது யாரு?"

"அத விடு. எதுக்கு 'ஆம்' போட்ட?"

"பளிச்சுன்னு இருந்ததுக்கு எல்லாம். மங்கலா இருந்தா காயின்னு கழிச்சிட்டேன்."

"குறிப்பு ஏதும் குடுக்கலியா?"

கொடுத்திருந்தார்கள். தரம் பார்க்கத் தனக்கே பாடமா என்று அம்மணி திறக்கவே இல்லை. இப்போது திறந்தாள். பளிச்சென்ற புள்ளி பெரும்பாலும் தனியாய்க் கிடக்கும் ஏதோ ஒரு கருந்துளையைச் சுற்றியுள்ள வெளிச்சம். கூட்டம் என்றால், மண்டலங்களுக்கு நடுவே கோடிக்கணக்கான டிகிரியில் கொதிக்கும் வாயு இருக்கும். எக்ஸ்ரேயில் அது விளிம்பே இல்லாமல் புகைபோலப் பரவித் தெரியும். அவள் காயென்று கழித்தது முழுக்க அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சோதனை. மங்கலைக் கண்டதும் விரல் 'இல்லை'க்கே ஓடியது. இழுத்துப் பிடித்தாள். எண்பதாவது படத்தில் வீட்டு இணையம் செத்தது.

"தம்பி!"

திட்டிக்கொண்டே வந்தவன் தன் கைபேசி இணையத்தைத் திறந்துவிட்டு, சிக்னல் போய்விடாதபடி அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்து நின்றான். கை மாற்றி மாற்றி இருபது படங்கள்.

எழுபத்துமூன்று.

"சம்பளம் எவ்வளவு?"

"ஒரு காசு இல்ல."

"பைத்தியம்," என்றான். அவள் அடுத்த படத்தைத் திறந்திருந்தாள். அவனும் கையை உள்ளே இழுக்கவில்லை.