செரேனாவின் நாற்காலி

செரேனா மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தொடமாட்டாள். வலது கை எப்போதும் கவுன் பைக்குள்தான் இருக்கும். பைக்குள் எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு துண்டு ரொட்டி. காய்ந்தால் மாற்றுவாள், பை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

இஸ்ரேலின் ஹைஃபாவில், யூதர்களான எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டு நிலையிலும் வேத வசனம் வைத்த சிறு பெட்டி உண்டு. தொட்டு முத்தமிட்டுத்தான் உள்ளே போவோம். அவள் வீட்டு நிலையில் ஆணி ஓட்டைகள் மட்டும். குடிவந்த அன்றே கழற்றிப் பக்கத்து வீட்டிலிருந்த என் கையில் கொடுத்துவிட்டாள். தொழில் தையல். ஜெபச் சால்வை கிழிந்து வந்தாலும் தைத்துத் தருவாள். "துணி என்ன பாவம் பண்ணிச்சு?" என்பாள்.

எங்களுக்கு ரொட்டி விலக்கான பாஸ்கா பண்டிகை நெருங்கிய ஒருநாள், ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்: "நாஜி முகாம்ல பாஸ்கா வந்துச்சு. உயிர் போற எடத்துல ரொட்டி தின்னா தப்பில்லன்னு கூட இருந்த மதகுரு பொண்டாட்டியே சொன்னா. எங்கக்கா பெய்லா கேக்கல. கடவுள் பாத்துக்குவார்னு ரொட்டிய தலைக்கடியில ஒளிச்சு வச்சா. நல்லாப் பாத்துக்கிட்டாரு! பட்டினியில செத்தவ உடம்பு சூடு ஆறுறதுக்குள்ள அந்த ரொட்டிய நான் தின்னேன். பதினஞ்சு வயசு எனக்கு. அன்னிக்கே அவருக்கும் எனக்கும் அறுந்துபோச்சு."

அவள் முடிச்சுப் போட்டு நூலைக் கடித்தாள்.

பாஸ்கா வாரத்தில் எங்கள் வீடுகளில் ரொட்டித் துணுக்குகூட இருக்கக் கூடாது. மூன்றாம் மாடியில் இருக்கும் செரேனாவின் மகள் நெகாமா பக்தியுள்ளவனைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அம்மா அவள் வீட்டுப் பண்டிகை விருந்துக்குப் போவதில்லை.

இந்த வருடம் நெகாமா படிக்கட்டிலேயே அழுதுவிட்டாள். "ஒரு ராத்திரிதானேம்மா, அந்த ரொட்டிய கீழ வச்சுட்டு வாயேன்."

"வைக்கமாட்டேன். நானும் வச்சுட்டா பெய்லாவுக்கு யாருடீ இருக்கா?"

மாப்பிள்ளை யெருஹாம் அதிகம் பேசாதவன். தாடியைச் சொறிந்துகொண்டே நின்றவன், "ரொட்டி வாசப்படிய தாண்டக் கூடாது, அவ்வளவுதானே? மேசை வாசலுக்கு வரலாமில்ல?" என்றான்.

அப்படியே இழுத்துப் போட்டார்கள். உள்ளே அவர்களும் விருந்தாளியாக நானும்; வெளியே, மாடிப்படி முகப்பில் ஒரு நாற்காலியில் செரேனா. சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பே இல்ல மாப்பிள்ளை. வேதத்துல அதுக்கும் தடையா?" என்றாள். நெகாமா வாய்விட்டுச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

சாப்பாடு முடிந்து எலியா தீர்க்கதரிசிக்கென்று தனிக் கோப்பையில் திராட்சை ரசம் ஊற்றினார்கள். அவர் வருவதற்காகக் கதவைத் திறந்து வைப்பது வழக்கம். யெருஹாம் பழக்கத்தில் எழுந்தான். கதவு திறந்தேதான் கிடந்தது, வாசலை அடைத்துக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தோம்.

"என்ன பாக்கறீங்க? அவர் வரமாட்டாரு. அன்னிக்கே வரல" என்றாள் செரேனா.

சொல்லிவிட்டு, பையிலிருந்த கையை எடுக்காமலே, நாற்காலியை ஓரமாக நகர்த்தி, கால்களை உள்ளிழுத்து வழிவிட்டாள்.