ஒருவரும் கை வைக்காத இடம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊர்காவற்துறையில் ஒரு கதை உண்டு. நான் அதை மறுப்பதில்லை. கடைத்தெருவில் தனியாகத் தட்டச்சுக் கடை வைத்திருக்கிற பெண்ணுக்கு வாய் நீளாவிட்டால், இருக்கிற கதிரையையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், பின்பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர். இவ்வளவுதான் என் கடை. கடிதம், விண்ணப்பம், கல்யாணக் காட், மரண அறிவித்தல் எல்லாம் அடித்துக் கொடுப்பேன்.

அடித்ததை எங்கே சேமிப்பது என்பதில் எனக்கு ஒரு சொந்தப் புத்தி இருந்தது. பழைய கணினியில் ஒருநாள் எதையோ தேடிக்கொண்டு போய், கணினி தன் சொந்தக் கோப்புகளை வைத்திருக்கிற இடத்துக்குள் நுழைந்துவிட்டேன். ‘இதற்குள் இருப்பவை கணினி இயங்குவதற்கானவை, இவற்றை மாற்றக்கூடாது’ என்று ஓர் எச்சரிக்கை வந்தது. வேறு யாரென்றால் பயந்து வெளியே வந்திருப்பார்கள். எனக்கோ புதையல் கண்ட சந்தோஷம். கை வைக்காதே என்று மெஷினே சொல்கிற இடத்தைவிடப் பத்திரமான இடம் வேறு எது? அன்றிலிருந்து ஊராரின் கடிதங்கள் எல்லாவற்றையும் அதற்குள்தான் போட்டேன்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் எங்கள் தீவுகளில் இருந்து பார்த்திருக்க வேண்டும். ஓடி ஓடிப் பழகிய சனம் காணி உறுதியை அலுமாரியில் வைக்காது. அலுமாரியைத்தானே எவனும் முதலில் திறப்பான். என் அம்மா எங்கள் உறுதியை மாதா சுரூபம் நின்ற பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தா. அடுத்த வீட்டார் பால்மாப் பேணிக்குள் போட்டுக் கோழிக்கூட்டுக்குக் கீழே தாட்டிருந்தார்கள். ஒருவரும் கை வைக்காத இடம் எதுவோ, அதுதான் பத்திரமான இடம். நான் கணினியிலும் அதையே செய்தேன். பழைய மெஷின் வாய் திறக்காமல் வாங்கி வைத்துக்கொண்டது.

சண்டை முடிவதற்கு முந்திய வருடம், வெளிநாட்டில் இருக்கிற தம்பியின் புண்ணியத்தில் புதுக் கணினி வந்தது. அது வேறு குணம். ஒன்றைத் திறந்தால் திரை கறுத்து, ‘இதற்கு அனுமதி கொடுக்கிறாயா’ என்று கேட்கும். இன்னொன்றைத் தொட்டால் திரும்பவும் கேட்கும். மண்கும்பான் தாண்டி யாழ்ப்பாணம் போய் வருவதற்குள் எத்தனை இடத்தில் அடையாள அட்டையை நீட்டுகிறோம், இப்போது என் கடைக்குள்ளும் ஒரு சோதனைச்சாவடியா என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் என் பழைய தமிழ்த் தட்டச்சுப் புரோகிராமை அதில் ஏற்றி, கோப்புகளை வழக்கமான அந்த இடத்திலேயே சேமித்தேன். அதற்கு மட்டும் மெஷின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் திறந்தால் கோப்பு இருந்தது. எனக்கு அது போதும்.

அந்த நாட்களில்தான் ஒரு கடற்றொழிலாளி ஐயா என் கடைக்கு வரத் தொடங்கினார். எழுபது வயதிருக்கும். அவருடைய கரையோரக் காணி பல வருடங்களாகக் கடற்படை போட்ட முட்கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. பதிவுக் கந்தோரிலும் பிரதி அகப்படவில்லை. உறுதி இல்லாதவர்கள் காணியின் எல்லைகளையும் அதில் இருந்தவற்றையும் எழுதிக் கொடுக்கலாம், அதிகாரிகள் ஒருநாள் பிரதேச செயலகத்துக்கு வந்து வாங்குவார்கள் என்று அறிவித்திருந்தார்கள். ஆகவே அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நாலு பின்னேரம் பிடித்தது.

“எழுது பிள்ளை. மூண்டு பரப்பு. கிழக்கு, கடற்கரைக்குப் போற ஒழுங்கை.” சொல்லிவிட்டு மேசையில் விரலால் இரண்டு தரம் தட்டுவார். அது சரி, அடுத்ததுக்குப் போ என்று அர்த்தம். “மேற்கு, அக்காவின்ர சீதனக் காணி. வடக்கு, பூவரசம் வேலி.” டொக், டொக். பனை பதினேழு, தென்னை நாலு, வலை காயப்போட்ட வேம்பு ஒன்று. வேம்பின் எந்தக் கொப்பு எந்தப் பக்கம் சரிந்திருந்தது என்றுகூடச் சொன்னார். வருடக்கணக்காகக் கால் வைக்காத நிலம் அவர் தலைக்குள் ஒரு மரம் குறையாமல் நின்றது. எனக்கு அவர்மேல் பாசம் மாதிரி ஒரு வாரப்பாடு வந்துவிட்டது. அதை மறைக்க அவரோடு இன்னும் கூடச் சண்டை பிடித்தேன்.

பெரிய சண்டை கிணற்றில் வந்தது. காணியின் தெற்குப் பக்கம், இலங்கையின் தென்பகுதி நகரங்களில் கடை வைத்திருந்த ஒரு சைவக் குடும்பத்தின் கல்வீடு. எல்லையில் ஒரு கிணறு. அதில் பாதிப் பங்கு அவர்களுடையது என்று எழுதச் சொன்னார்.

“ஐயா, அவையள் வெளிநாடு போய்ப் பேரப்பிள்ளையளும் கண்டிட்டினம். இனி ஆர் வந்து தண்ணி அள்ளப் போகினம்? உறுதியும் இல்லாமல் கேக்கிறியள். கிணத்தையும் பாதி பிரிச்சுக் குடுத்தா, கந்தோரில இன்னும் ஆயிரம் கேள்வி கேப்பினம்.”

“உன்னட்டை நான் கேக்கேல்லை பிள்ளை. ரெண்டு வீட்டுச் சனமும் குடிச்ச தண்ணி. எழுது.”

“சரி ஐயா, எழுதிட்டன்.”

டொக், டொக் என்று தட்டினார். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஒருமுறை முழுதாக வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்து வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கண் கணினித் திரையில் நிற்காது. அன்று பிரிண்டரில் மை இல்லை, யாழ்ப்பாணத்திலிருந்துதான் வரவேண்டும். ‘என்ன அவசரம்’ என்றேன்.

அடுத்த ஞாயிறு பூசையால் வந்த மனுசனை ஒரு பக்கம் இழுத்துப்போட்டது. பெரியாஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மனைவி கடைக்கு வந்தா. “வெள்ளிக்கிழமை வாங்க வருகினமாம் பிள்ளை. அவர் சொன்ன கடுதாசியைத் தாரும். அவருக்கு இனி ஒருக்காச் சொல்ல ஏலாது. எனக்கு அந்தக் காணியின்ர எல்லையள் ஒண்டும் ஒழுங்காத் தெரியாது.”

நான் புரோகிராமைத் திறந்தேன். வழக்கமான இடத்துக்குப் போனேன். கோப்பு இல்லை.

அந்தக் கோப்பு மட்டுமல்ல. புது மெஷினில் நான் அடித்த ஒன்றுமே இல்லை. திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினேன். குப்பைத்தொட்டியில் பார்த்தேன். பெயரைக் கொடுத்துத் தேடினேன். அவ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. “அம்மா, மை முடிஞ்சு போச்சு. நாளைக்குப் பின்னேரம் வீட்டை கொண்டுவந்து தாறன்” என்றேன். மை எப்போதோ வந்துவிட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எனக்கு இருந்தது மூன்றே நாள்.

அவ போனதும் கதவைச் சாத்திவிட்டு, “கோதாரி விழுவாய், என்னட்டை வாங்கினதை எங்கயடி வைச்சாய்” என்று மெஷினைப் பார்த்துக் கத்தினேன். பிறகு அழுதேன். பேச முடியாத ஒரு மனிதரின் கடைசிப் பேச்சை நான் தொலைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் கணினி திருத்துகிற ஒரு அண்ணையிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் காரைநகர்க்காரர், அதிகம் கதைக்காதவர். “ஒண்டையும் அழியாதையும், புதுசா ஒண்டையும் ஏத்தாதையும். நாளைக்கு முதல் பஸ்ஸில வாறன்” என்றார்.

சொன்னபடி வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமலே, “எங்க சேமிச்சனீர்?” என்று கேட்டார். சொன்னேன். ஏன் அங்கே என்று கேட்டார். அம்மாவின் மாதா சுரூபம் வரைக்கும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்து, பதிலுக்குப் பேச ஒரு சண்டையும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்கட அம்மா கிணத்துக் கட்டுக்குள்ள கல்லைக் கழட்டி வைச்சவா” என்றார். “அது கிடக்கட்டும். இந்தப் புரோகிராம் இடையில இடையில நிக்குது எண்டு போன மாதம் எனக்குச் சொன்னனீர். நான் என்ன சொன்னனான்?”

“நிர்வாகியின்ர அனுமதியோட திறக்கிற மாதிரி மாத்தி விடச் சொன்னனீங்கள். திங்கட்கிழமை இரவு கடை பூட்டேக்கைதான் மாத்தி விட்டனான். அதுக்குப் பிறகு முதல் திறந்தது நேற்றுக் காலமைதான்.”

அவர் நெற்றியைத் தடவினார். அந்த மாற்றத்தை நீக்கிவிட்டு, புரோகிராமைப் பழையபடி சாதாரணமாகத் திறந்தார். அதே இடத்துக்குப் போனார். ஐயாவின் கோப்பு அங்கே இருந்தது. மற்றவையும் வரிசையாக இருந்தன.

“இதென்ன பேய் வேலை அண்ணை?”

“பேயும் இல்லை பிசாசும் இல்லை. புது மெஷின் தன்ர இடத்துக்குள்ள ஒருத்தரையும் எழுத விடாது. ஆனா உம்மட புரோகிராம் பழசு. ஏலாது எண்டு சொன்னா அது குழம்பிப்போயிடும். அதால மெஷின் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு, கோப்பை உம்மட பேரில இருக்கிற வேறயொரு ஒளிச்ச இடத்தில வைக்கும். புரோகிராம் கேட்டா அங்கயிருந்து எடுத்துக் காட்டும். கோப்பு தான் கேட்ட இடத்திலயே கிடக்குது எண்டுதான் புரோகிராம் நினைக்கும்.”

“பிறகேன் காணாமப் போனது?”

“நான் அனுமதி குடுக்கச் சொன்னன் எல்லே. அனுமதி கிடைச்ச உடன அது நேராப் போய் உண்மையான இடத்தைப் பாத்திருக்கு. அங்க ஒரு நாளும் ஒண்டும் இருக்கேல்லை.”

“அப்ப பிழை என்ரயோ உங்கடயோ?”

“பாதிப் பாதி” என்றார்.

மறைந்திருப்பவற்றைக் காட்டும்படி மாற்றி, அந்த ஒளித்த இடத்தையும் திறந்து காட்டினார். எல்லாவற்றையும் அங்கிருந்து என் பெயரில் உள்ள ஆவணங்களுக்கான இடத்துக்குப் பிரதி எடுத்தார். ஒரு பென்டிரைவிலும் போட்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறேன். “இனி இதுக்குள்ளதான் சேமிக்கவேணும். அது மெஷின்ர காணி, இது உம்மட காணி. ஒரு பிரதி எப்பவும் வெளியில இருக்கோணும்” என்றார். அதற்குப் பிறகுதான் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்று பின்னேரம் தாள்களை எடுத்துக்கொண்டு ஐயாவின் வீட்டுக்குப் போனேன். சாக்குக் கட்டிலில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் இடது கையைக் கொஞ்சம் தூக்கினார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

“கிழக்கே கடற்கரைக்குச் செல்லும் ஒழுங்கை.” இடது கை விரல் கட்டில் சட்டத்தில் தட்டியது. டொக், டொக். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. மேற்கு, வடக்கு, தெற்கில் கல்வீடு. பனை பதினேழு, தென்னை நாலு, வேம்பு. ஒவ்வொன்றுக்கும் தட்டினார். கடைசி வரியையும் வாசித்து முடித்து, மைப்பெட்டியை எடுத்தேன்.

அவர் தட்டவில்லை. கண் என் முகத்திலேயே நின்றது.

“என்னப்பா, எல்லாம் சரிதானே? இன்னும் என்ன?” என்று அவ கேட்டா.

என்ன என்று எனக்குத் தெரியும். அன்று ‘எழுதிட்டன்’ என்று சொன்னேனே, நான் எழுதவில்லை. அவருக்குக் கேட்கட்டும் என்று விசைகளைச் சும்மா தட்டினேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். மெஷின் அவர் சொன்னதில் ஓர் எழுத்தையும் தொலைக்கவில்லை. கிணற்றைத் தொலைத்தது நான். அந்தக் கோப்பு நேற்று உண்மையாகவே தொலைந்துபோயிருந்தால், இதை ஒருவரும் ஒருநாளும் அறிந்திருக்கமாட்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

“ஐயா, கிணத்தை நான் எழுதேல்லை. உங்களுக்குப் பொய் சொல்லிட்டன்” என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். பேனையை எடுத்து, தெற்கு எல்லைக்குக் கீழே என் கையாலேயே எழுதினேன். எழுதியதை வாசித்தேன்: “எல்லையிலுள்ள கிணற்றில் பாதிப் பங்கு அயல் வீட்டாருக்கு உரியது.”

டொக், டொக்.

கையெழுத்து வைக்கிற வலது கை எழும்பவில்லை. இடது பெருவிரலை மையில் தொட்டு, அடியில் ஒன்றும் நான் கையால் எழுதிய வரிக்குப் பக்கத்தில் ஒன்றுமாக வைப்பித்தேன். அவ சேலைத் தலைப்பால் அவர் விரலைத் துடைத்துவிட்டு, “வெள்ளிக்கிழமை வரைக்கும் உம்மட்டையே இருக்கட்டும் பிள்ளை. உம்மட்டை எண்டால் பத்திரமா இருக்கும்” என்றா.

“வேண்டாம் அம்மா” என்று சொல்லி, தாளை ஐயாவின் இடது கைக்குள் வைத்துவிட்டு வந்தேன்.